பொறிக்கு நிரல், மாந்தர்க்கு உரை

மூலநூல் ஒன்று காலங்கடந்து வாழ வேண்டுமாயின், அதற்கு நல்லுரை வேண்டும். தமிழ் பயின்றோர் இதனை நன்கறிவர். இளம்பூரணர் முதலிய உரையாசிரியர்கள் தோன்றியிராவிடில், தொல்காப்பிய நூற்பாக்கள் பலவற்றின் பொருள் நமக்கு எட்டாமலே போயிருக்கும். அண்மைக்காலத்தே தோன்றிய கணிப்பொறித் துறைக்கும் இவ்வுண்மை பொருந்துவதை அதன் வரலாறு காட்டுகின்றது.

இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பாபேஜ், பகுப்புப்பொறி என்னும் கணக்கிடும் இயந்திரத்திற்குத் திட்டம் வகுத்தார். அதனைக் குறித்து இத்தாலியரான மெனாபிரேயா 1842-இல் பிரெஞ்சு மொழியில் கட்டுரை வரைந்தார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த அடா லவ்லேஸ் அம்மையார், தம்முடைய குறிப்புகள் ஏழினைச் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். கட்டுரையினும் குறிப்புகளே நீண்டவை. பெர்னூலி எண்களை அப்பொறி கணக்கிடும் முறையை இறுதிக் குறிப்பு அட்டவணையாகப் படிப்படியே விளக்குகின்றது. பாபேஜ் காலத்தில் அப்பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. எனினும் அதன் ஆற்றலை எழுத்து காத்துத் தந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குமுறைகளை அங்குள்ளோர் துணைநிரல்களாக எழுதி, காகித நாடாக்களில் துளையிட்டு, நூலகம்போல் தொகுத்து வைத்தனர். அவற்றைக் கையாளும் முறையை வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் நூலாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் வீலர் அரியதொரு கருத்தை உரைத்தார். நிரலை எழுதிச் சோதித்த பின்னரும், அதன் உள்ளமைப்பை அறியாதவர் எளிதிற் பயன்படுத்துமாறு விளக்கம் எழுதும் பணி எஞ்சி நிற்கும்; அதுவே எல்லாவற்றினும் கடினமாகக்கூடும் என்பது அக்கருத்து.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையை உருவாக்கினர். அதன் முதற்கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளைத் தாங்கி வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், வழங்கும் வடிவம், விளக்கம் எனத் தலைப்புகள் ஒரே ஒழுங்கில் அமைந்தன. அவற்றுள் 'குறைகள்' என்பதும் ஒன்று. தாம் படைத்ததன் குறையைத் தாமே எழுதி வைத்த அந்நேர்மை போற்றத்தக்கது.

இனி, உரையின்மையால் விளைந்த இடரையும் நோக்குவோம். நினைவகம் விலைமிகுந்திருந்த காலத்தில், சிக்கனம் கருதி ஆண்டினை ஈரிலக்கத்தால் மட்டும் குறித்தனர். அந்நிரல்கள் பல, எழுதியோர் ஓய்வுபெற்ற பின்னும் உழைத்தன. 2000-ஆம் ஆண்டினை அவை 1900 எனக் கொள்ளுமோ என்ற அச்சம் 1990-களில் எழுந்தது. விளக்கக் குறிப்பில்லாத இடங்களில், பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தே திருத்த வேண்டியதாயிற்று. எழுதியவரின் எண்ணம் அவரோடே சென்றுவிட்டிருந்தது.

பொறி தனக்கிட்ட கட்டளையைச் செய்யும், காரணத்தைக் கேளாது. காரணம் கேட்பவர் பின்வரும் மனிதரே. ஆதலின், நிரல் எழுதப் பயிலும் மாணவர் அதன் நோக்கத்தையும் வழியையும் குறையையும் தெளிந்த மொழியில் எழுதப் பழகுதல் வேண்டும். அவ்வெழுத்தைத் திருத்திச் செம்மை செய்யும் கடமை, கணக்காசிரியர்க்கு மட்டுமன்று. மொழியாசிரியராகிய நமக்கும் உரியது.