பழைய லேப்டாப்பில் லினக்ஸா? வைஃபை-யை பாதுகாப்பா இணைப்பது எப்படி?

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம், 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் அருகே காக்களூரில் தொடங்கியது. அதில் தந்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இன்னும் அதைப் பயன்படுத்துறீங்களா? இதைக் கவனிங்க.

வைஃபை வரலையா?
டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை, ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்க. கார்டின் சிப் பெயர் தெரியும். பிராட்காம், ரியல்டெக் போன்ற சில சிப்களுக்கு ஃபர்ம்வேர் தனியாக நிறுவணும். டவுன்லோட் செய்ய, மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை ஆன் செய்தால் போதும்.

எந்தப் பாதுகாப்பு?
ரூட்டர் செட்டிங்கில் 'டபிள்யூஇபி' இருந்தால் உடனே மாத்துங்க. அது 2001-லேயே உடைக்கப்பட்டது. குறைந்தது 'டபிள்யூபிஏ2', வசதி இருந்தால் 'டபிள்யூபிஏ3' தேர்வு செய்யுங்க.

பாஸ்வேர்ட் மட்டும் போதுமா?
போதாது. 2017-ல் 'டபிள்யூபிஏ2'-விலேயே 'கிராக்' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸுக்கு உடனே அப்டேட் வந்தது. ஆனால் அப்டேட் செய்யாத பழைய சிஸ்டத்தில் ஓட்டை அப்படியேதான் இருக்கும். பாஸ்வேர்டை மாத்தினாலும் அது அடையாது. அதனால் முதலில் புதிய லினக்ஸ் பதிப்புக்கு மாறுங்க. பேங்க் வேலையெல்லாம் அப்புறம்!