அகுஸ்தினாரின் 208ஆம் மடலும் ஃபுசாலா ஊராரும்

குருக்களின் குற்றம் வெளிப்பட்டு விசுவாசிகள் மனம் குலையும் காலங்களில் எடுத்துக்காட்டப்படும் பழைய எழுத்துகளுள் ஒன்று, ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினார் ஃபெலிசியா என்னும் கன்னியருக்கு எழுதிய 208ஆம் மடல். இடறல்கள் வருமென்று ஆண்டவர் முன்பே சொல்லிவிட்டார். நல்ல மேய்ப்பரும் உண்டு, தன்னலம் தேடும் மேய்ப்பரும் உண்டு. நம்பிக்கை வைக்க வேண்டியது கிறிஸ்துவின் மேல் என்பது அதன் சாரம்.

இதைப் பொறுமைப் பாடமாக வாசிப்பது நெடுநாள் வழக்கம். ஆயரின் குறையைக் கிளறாதே, சபையை விட்டு விலகாதே என்பதே மடலின் கட்டளை என்று பக்திமான்கள் கொண்டார்கள். குறை காண்போரும் அதே பொருளைக் கொண்டு, மூடிமறைத்தலின் முன்னோடி என்று சாடினார்கள். இரு தரப்பாரும் மடலைத் தனியே பிரித்து வைத்துப் படித்தவர்கள்.

சேர்த்துப் படிக்க வேண்டியவை இன்னும் இரண்டு: திருத்தந்தை செலஸ்தீனுக்கு எழுதிய 209ஆம் மடல், யோகன்னஸ் திவ்யாக் 1981இல் பதிப்பித்த தொகுப்பில் உள்ள, உரோமைச் சீமாட்டி ஃபாபியோலாவுக்கு எழுதிய மடல். இரண்டும் ஒரே வழக்கைப் பேசுகின்றன.

ஹிப்போவிலிருந்து ஏறத்தாழ 40 மைல் தொலைவில் இருந்தது ஃபுசாலா. பியூனிக் மொழி பேசும் ஊர். அவ்வூருக்கு ஆயராக ஆயத்தப்படுத்திய குரு கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். திருநிலைப்படுத்த முதிய தலைமை ஆயரோ நெடுந்தூரம் பயணித்து வந்துவிட்டார். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத அகுஸ்தினார், தம் மடத்தில் வளர்ந்த அந்தோனினுஸ் என்ற இளைஞரை முன்னிறுத்தினார். வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. வாசகர் பணிக்கு மேல் அனுபவமில்லை. ஆயரானபின் அவர் ஊராரிடம் பறித்தவற்றின் பட்டியல் ஃபாபியோலா மடலில் நீள்கிறது: பணம், தட்டுமுட்டுச் சாமான், துணிமணி, ஆடுமாடு, விளைச்சல், மரம். கட்டடக் கல்லைக்கூட விடவில்லை.

ஆயர்களின் விசாரணையில் பாலியல் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. கொள்ளையும் கொடுமையும் மெய்ப்பிக்கப்பட்டன. ஆயர் பட்டம் மிஞ்சியது, ஃபுசாலா கைவிட்டுப் போயிற்று. பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும்வரை நற்கருணை ஒன்றிப்பும் மறுக்கப்பட்டது. அந்தோனினுஸ் உரோமைக்கு மேல்முறையீடு செய்தார். அப்போது செலஸ்தீனுக்கு எழுதிய மடலில் அகுஸ்தினார் பழியைத் தம் தலையிலும் ஏற்கிறார். அச்சத்தாலும் துயரத்தாலும் ஆயர் பணியையே துறக்க எண்ணுவதாகச் சொல்கிறார்.

208ஆம் மடல் அந்தோனினுஸைப் பெயர் சுட்டுவதில்லை; அதன் ஆண்டும் உறுதியானதன்று. ஆகவே இவ்விணைப்பு முற்றுப்பெற்ற நிரூபணம் ஆகாது. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்திருந்த டோனாட்டியக் குழுவிலிருந்து வந்த ஃபெலிசியாவை இவ்வளவு கலக்கிய இடறலுக்கு ஃபுசாலாவை விடப் பொருத்தமான விளக்கம் காணக் கிடைப்பதில்லை. பிறர் பிழையைப் பொறுத்துக்கொள் என்று உபதேசித்தவர், அந்தப் பிழைக்கு வழி திறந்தவரே என்றாகும்போது மடலின் தொனியே மாறுகிறது. ஆயரின் தகுதியில் விசுவாசம் தொங்கவில்லை என்பதால்தான் ஆயரை விசாரிக்கலாம், நீக்கலாம், கடனைக் கட்டவைக்கலாம்; அதனால் விசுவாசம் இடிந்துவிடாது. பேசாதே என்ற கட்டளை இதில் இல்லை. திருச்சபையின் மானக்கேட்டை ஒன்றுவிடாமல் உரோமைப் பெண்ணொருவருக்கு எழுதி அனுப்பியவரும் அகுஸ்தினாரே.

ஐந்தாம் நூற்றாண்டுச் சொத்துத் தகராற்றை இன்றைய சிறார் வதையோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு எழலாம். பறித்த கல்லைத் திருப்பித் தரலாம், குழந்தைப் பருவத்தைத் தர முடியாது என்பது உண்மையே. அவ்வேறுபாடு விசாரணையின் தேவையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பெருநடுவர் குழு அறிக்கை சிறார் வதைக்காக 300க்கும் மேற்பட்ட குருக்கள் மீது குற்றம் சாட்டிய சில நாட்களில், திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்களுக்கு எழுதிய மடலில் கண்டித்தது குருத்துவ ஆதிக்க மனப்பான்மையை. தவறிய குருவைக் காப்பதே குருத்துவத்தைக் காப்பது என்ற எண்ணம் அதன் ஒரு முகம்.

அப்படியானால் குருவுக்குத் துணைநிற்பது எப்படி? ஃபாபியோலா அந்தோனினுஸை உரோமையில் வரவேற்று உபசரித்திருந்தார். அவரை வெளியேற்றுமாறு அகுஸ்தினார் கேட்கவில்லை. நடந்ததை முழுதும் சொல்லிவிட்டு, அந்த இளைஞரின் ஆன்ம நலனில் அக்கறை கொண்டு நல்வழி கூறுமாறு வேண்டினார். ஃபுசாலாவைத் திரும்பக் கேட்கும் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசும்படி மட்டும் கேட்கவில்லை.