பனி சுமந்து வந்த கற்கள்

சுவிஸில் வாழும் எம்மவர்கள் வயல் நடுவிலோ காட்டோரத்திலோ தன்னந்தனியாகக் கிடக்கும் பெரிய பாறாங்கல்லைக் கண்டிருப்பீர்கள். டொச் மொழியில் அதற்குப் 'பின்ட்லிங்' என்று பெயர். தாய் தகப்பன் தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் அதே சொல்தான். அந்தக் கல்லுக்கும் அது கிடக்கிற ஊர்ப் பாறைக்கும் ஒரு உறவும் இல்லை. அப்ப அது எப்படி வந்தது?

இருநூறு வருடங்களுக்கு முன் படித்தவர்களில் பலர் சொன்ன பதில், வெள்ளம். நோவா காலத்துப் பிரளயம் என்றும் சிலர் சொன்னார்கள். அதை நம்பாதவர் பெறோதான் என்ற மலைவாசி. வாலே மாநிலத்தில் லூர்த்தியே ஊரவர், மலையாடு வேட்டையாடுபவர். 1815 இல் தன் வீட்டில் இராத் தங்கிய உப்புச் சுரங்க அதிகாரி ஷார்பொந்தியேயிடம், ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் மார்த்திஞி வரை பனிக்கட்டியாறு நிறைந்திருந்தது என்றார். வீடளவு கல்லைத் தண்ணீர் தூக்காது என்பது அவர் நியாயம். வந்தவர் அதைக் காதில் போடவில்லை.

ஆனால் சாட்சி காலடியிலேயே கிடந்தது. ஆற்றைப் பாருங்கோ. அது சுமந்து வருவதைத் தரம் பிரிக்கும். பாரமான கல்லை முதலில் விடும், பிறகு பரல், மணல், கடைசியில்தான் களி. கல்லையும் உருட்டி உருட்டி உருண்டையாக்கிவிடும். பனிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஏற்றினதெல்லாவற்றையும் ஒன்றாய்ச் சுமந்து வந்து, உருகுகிற இடத்தில் அப்படியே கொட்டிவிடும். மாப்போன்ற களியும் கூழாங்கல்லும் ஆளுயரப் பாறையும் அடுக்கு எதுவுமின்றி ஒரே குவியலில் கிடக்கும். பனிக்கு அடியில் அகப்பட்ட கற்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து கீறல் விழுந்திருக்கும். மேலே ஏறி வந்தவையோ கூர் விளிம்பு கெடாமலே வந்திறங்கும். அணைக்கட்டுப் போல நீண்டு கிடக்கும் இத்தகைய குவியலைத்தான் இங்கே 'மொறேன' என்கிறார்கள்.

பெறோதானின் பேச்சைப் பொருட்படுத்தியவர் வெனெற்ஸ் என்ற பொறியியலாளர். 1829 இல் அவர் இதைச் சபையில் சொன்னார். அவர் சொல்வது பிழையென்று காட்டப் போன ஷார்பொந்தியே, கற்களைப் பார்த்துப் பார்த்துத் தானே மாறிவிட்டார். 1834 இல் அதைப் பற்றிப் பேச லுசேர்ன் போகும் வழியில், புறூனிக் பாதையில் ஒரு கல்லைப் பார்த்து நின்றார். பக்கத்தில் வந்த மைரிங்கன் விறகுவெட்டி, இது கிறிம்செல் மலைக் கல், முந்திப் பேர்ண் வரை நீண்டிருந்த பனிக்கட்டியாறு கொண்டுவந்து போட்டது என்றாராம். சபையில் பலர் ஏற்க மறுத்த விஷயம் அவருக்குச் சாதாரணமாகத் தெரிந்திருந்தது!

பெரும் புகழ் போனதென்னவோ 1837 இல் நியூசாத்தலில் பேசி, 1840 இல் நூல் வெளியிட்ட அகாசிக்கு. ஷார்பொந்தியேயின் நூல் ஒரு வருடம் பிந்தி 1841 இல் வந்தது. என்றாலும் அவர் பெறோதானை மறைக்கவில்லை, பெயரோடு எழுதி வைத்தார். அதனால்தான் இன்று எங்களுக்குத் தெரிகிறது.

இதற்கிடையில் சாட்சிக் கற்கள் குறைந்துகொண்டே வந்தன. நல்ல கருங்கல் என்று படிக்கட்டுக்கும் தூணுக்கும் உடைத்தார்கள். மோந்தே நகரில் மொன் பிளாங் பக்கமிருந்து வந்த மாபெரும் 'மார்மெற்' கல்லையும் ஒருவர் உடைப்பதற்கு விலை பேசிவிட்டார். ஆட்கள் பணம் சேர்த்து மீட்க, 1908 இல் அது சுவிஸ் இயற்கை அறிவியல் சங்கத்துக்குச் சொந்தமானது. இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், உச்சியில் ஒரு சின்ன வீட்டைச் சுமந்தபடி நிற்கிறது.