எந்தக் கோட்டுக்குப் போறது, சேர்?



போன வாரம் ஒரு பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். மூன்று இடத்தில் குழுக்கடன். கிழமைக்கு மூன்று நாள் வாசலில் ஆள். "சேர், வங்குரோத்து எண்டு கோட்டில சொன்னா விடுவாங்களாம். எந்தக் கோட்டுக்குப் போறது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. தேடிப் படித்ததைப் பகிர்கிறேன்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று நாடே அறிவித்தது. அன்றிலிருந்து வங்குரோத்து என்ற சொல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தனி மனிதருக்கான சட்டம் 1853இலேயே வந்துவிட்டது. அதுதான் அந்த ஆண்டின் 7ஆம் இலக்கக் கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1847-48இல், கோப்பி விலை விழுந்து தோட்டக்காரர் பலர் நொடித்திருந்தார்கள்.

அந்தச் சட்டத்தில் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. கடனாளி தன் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்தல் வர்த்தமானியில் வரும். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அமர்வில் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். சொத்தைப் பொறுப்பேற்று, விற்று, பங்கிடுவது அவர் வேலை. அவருக்கு 'அசைனி' என்று பெயர். ஆகவே வழக்குப் போட முன்னரே அவரைத் தேடி அலையத் தேவையில்லை.

என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. கடைசியில் கிடைக்கும் சான்றிதழுக்கு மூன்று தரம். தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் தரம். பாதி தன் பிழை என்றால் இரண்டாம் தரம். முழுக்கத் தன் பிழை என்றால் மூன்றாம் தரம். எப்படி விழுந்தாய் என்று சட்டம் கேட்டது. நம் மார்க்கத்திலும் முப்லிஸுக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் அது வியாபாரிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். கிழமைக் கடனில் மாட்டிய ஒரு பெண்ணுக்கு வழக்குச் செலவே இன்னொரு கடனாகிவிடும். குழுக்கடனில் பிணை நின்ற பக்கத்து வீட்டு ராத்தாவின் கதி என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததும் இதனால்தான்.

1941இல் இன்னொரு வழி திறந்தது: கடன் இணக்கச் சபை. காணியை ஈடு வைத்தவர்கள், மீட்கும் நிபந்தனையோடு உறுதி எழுதிக் கொடுத்தவர்கள் அங்கே முறையிடலாம். மீட்கும் தவணை முடியுமுன் போக வேண்டும்; முடிந்தபின் அழுது பயனில்லை.

அந்த உம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். எல்லாக் கடன் புத்தகத்தையும் ஒரு பையில் போடுங்கள். யாருக்கு எவ்வளவு, யார் பிணை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எதிலும் கையெழுத்து வைக்க முன், மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றம் எது, அங்கே போவது உங்களுக்கு நல்லதா என்று அவர்கள் சொல்வார்கள்.

கொப்பியை மகள்தான் எழுதினாள். என் வகுப்புப் பிள்ளை. கூட்டல் பிழையே இல்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.