ஏக்கபேர்க் சமவெளியும் எங்கள் ஊர்த் திடல்களும்

நோர்வே என்ற பெயரைக் கேட்டதும் ஈழத்தமிழர் பலருக்கு 2002 பெப்ரவரி 22 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையும் எரிக் சொல்ஹெய்மின் முகமுமே நினைவில் எழும். ஆனால் யாழ்ப்பாணக் கரையோர மக்களுக்கு அந்நாடு அதற்கு நெடுங்காலம் முன்பே அறிமுகமானது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேயை அடைந்தார். அங்கு குடியேறிய முதல் தமிழர் என அறியப்படுபவர் அவரே. மீன்பிடித் தொழிலின் நவீன முறைகளைக் கற்றுக்கொண்ட அவர், நோர்வே நண்பர்களின் துணையோடு 1967 இல் சீநோர் நிறுவனத்துக்கு வித்திட்டார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியே எழுந்தன. அவர் திறந்த பாதையில் இளைஞர் சிலர் வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். எண்பதுகளில் நோர்வேயின் மக்கள் உயர்கல்லூரிகளில் அனுமதி பெற்று மேலும் பல நூறு பேர் சென்றனர். வட நோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த அவர்களுள் பலர் காலப்போக்கில் ஒஸ்லோவில் குடியமர்ந்தனர்.

இந்தப் பழைய கதையை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உதைபந்தாட்டம். ஒஸ்லோ நகரின் ஏக்கபேர்க் சமவெளியில் ஆண்டுதோறும் கோடையில் நோர்வே கிண்ணம் என்னும் சிறுவர், இளைஞர் சுற்றுப்போட்டி நடைபெறுகின்றது. பெக்கெலாகெ விளையாட்டுக் கழகம் 1972 இல் இதனைத் தொடங்கியது. நாட்டு அணிகளுக்கு இங்கு இடமில்லை. ஊர்க் கழகங்களின் அணிகளே ஆடுகின்றன. நோர்வே உதைபந்தாட்டச் சங்கம் பெண்கள் ஆட்டத்தை 1976 இல்தான் ஏற்றுக்கொண்டது. நோர்வே கிண்ணமோ முதலாம் ஆண்டிலேயே சிறுமியர் அணிகளுக்கும் களம் தந்தது. 2016 இல் பங்குகொண்ட அணிகளின் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. அயல்நாடான சுவீடனின் கொத்தன்பேர்க் நகரில் 1975 முதல் நடைபெறும் கொத்தியா கிண்ணமும் இதே வகையினது.

இத்தகைய போட்டிகளின் பெருமை எண்ணிக்கையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. கென்யாவின் நைரோபி நகரிலுள்ள மத்தாரே சேரியில் 1987 இல் இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒன்று உருவானது. சேரியின் குப்பைகளை அகற்றும் பணியில் ஈடுபடும் அணிகளுக்குச் சுற்றுப்போட்டியில் புள்ளிகள் வழங்கும் புதுமையான வழக்கம் அதற்குரியது. அந்தச் சேரிப் பிள்ளைகள் 1990 இல் நோர்வே கிண்ணத்தில் ஆடத் தொடங்கினர்.

அதே 1990 ஐ யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்ப்போம். அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள்ளானது. செப்ரெம்பர் இறுதியில் இராணுவம் அங்கிருந்து வெளியேறும் வரை நகரின் அப்பகுதி எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் இலக்காயிருந்தது. குடாநாட்டின் முதன்மை மைதானமாகிய துரையப்பா விளையாட்டரங்கு அந்தக் கோட்டைக்கு அருகிலேயே உள்ளது. நைரோபிச் சேரியின் சிறுவன் ஒஸ்லோவின் புல்தரையில் ஓடிய கோடையில், எங்கள் சிறுவன் பதுங்குகுழிக்குள் இருந்தான். வலிகாமம் வடக்கின் மக்கள் அவ்வாண்டிலேயே இடம்பெயர்ந்தனர். அவர்களோடு தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் இடம்பெயர்ந்தது.

திறமை எங்களிடம் இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டத்தின் வேர் மிசன் பள்ளிகளில் தோன்றிக் கரையோரக் கிராமங்களில் ஆழ ஊன்றியது. குருநகர் பாடுமீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்கென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், வதிரி டயமன்ஸ் என்று ஊருக்கொரு கழகம் உண்டு. விளையாட்டுச் செய்திகளைத் தொகுத்த நாள்களில் நான் கண்ட உண்மை ஒன்று: இறுதியாட்டச் செய்தி வெளிவரும் நாளில் அந்தந்த ஊர்களில் முதற்பக்கத்துக்கு முன்னர் புரட்டப்படுவது விளையாட்டுப் பக்கமே. கழகத்தின் வெற்றி அங்கே ஊரின் வெற்றி.

அந்த ஊர்கள் பட்ட பாடும் சிறிதன்று. 1986 யூன் 10 இல் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. 1999 இல் துரையப்பா அரங்கில் திருத்த வேலைகள் நடந்தபோது மண்ணுக்கடியிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவ்வரங்கு இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 யூன் 18 இல் திறந்துவைக்கப்பட்டது. 1990 இல் பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு அப்போது வயது முப்பத்தாறு. உதைபந்தாட்டக்காரன் ஒருவனின் ஆடும் காலம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

நாட்டைவிட்டுப் போனவர்கள் கழகங்களையும் கொண்டே போனார்கள். வல்வெட்டித்துறையார் இலண்டனில் வல்வை புளூஸ் என்று ஆடினர். பாரிஸ், ரொறன்ரோ, சூரிச் எங்கும் கோடை வந்தால் ஊர்ச்சங்கக் கிண்ணங்களும் பழைய மாணவர் கிண்ணங்களும் களைகட்டுகின்றன. ஒஸ்லோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏக்கபேர்க் வீட்டு முற்றம் போன்றது. குருநகரிலோ நாவாந்துறையிலோ பந்தை உதைக்கும் அவர்களது மைத்துனனுக்குத்தான் அது எட்டாத தொலைவாகிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நம்பிக்கை தரும் ஒரு காட்சியைக் கண்டோம். இடம்பெயர்ந்து அலைந்த மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைகள் உதைபந்தாட்டத்தில் வாகை சூடினர். பந்தும் திடலும் பயிற்றுநரும் கிடைத்தால் எங்கள் பிள்ளைகள் எதனைச் சாதிப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்த சங்கங்கள் ஊருக்குப் பணம் அனுப்புகின்றன. திடல்களுக்கு மதிலும் பார்வையாளர் மண்டபமும் எழுகின்றன. அது நற்பணியே. ஆயினும் மண்டபம் ஆடுவதில்லை, பிள்ளைகளே ஆடுகின்றனர். பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிரிவுகளில் ஊர்க் கழகங்களுக்கு ஆண்டு முழுவதும் போட்டிகள் வேண்டும். தகைமை பெற்ற பயிற்றுநர் வேண்டும். அவற்றில் சிறந்து விளங்கும் ஓர் ஆண் அணியையும் ஒரு பெண் அணியையும் ஏக்கபேர்க்குக்கு அனுப்பிவைக்கும் செலவை ஒஸ்லோவிலுள்ள தமிழர் பகிர்ந்துகொண்டால் எவருக்கும் பெருஞ்சுமையாகாது. விசாவுக்கான கடிதங்களையும் தங்குமிடத்தையும் ஒழுங்கு செய்யவல்லவர்களும் அவர்களே.

மத்தாரேச் சேரிக்கு ஒஸ்லோவில் உறவினர் எவரும் இருந்ததில்லை. குருநகருக்கு 1956 முதல் இருக்கின்றனர்.