கோடைக்கானலும் கைவிடப்பட்ட ஈர்ப்புக் கருத்துகளும்

சூரியனின் ஈர்ப்பைக் கடந்து வரும் ஒளி நிறமாலையின் சிவப்புப் பக்கம் சற்று நகர்ந்திருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டைன் கணித்தார். 4000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இந்த நகர்வு வெறும் 0.0085 ஆங்ஸ்ட்ராம். இவ்வளவு நுட்பமாக அளக்க முயன்ற சில இடங்களுள் ஒன்று, பழனி மலைத்தொடரில் உள்ள கோடைக்கானல் வானாய்வகம். 1911 முதல் 1923 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ஜான் எவர்ஷெட்.

அவருடைய அளவீடுகள் கணிப்போடு ஒத்துப்போகவில்லை. நகர்வு சூரிய வட்டத்தின் நடுவில் குறைவாகவும் விளிம்பில் கூடுதலாகவும் இருந்தது. ஈர்ப்பு மட்டுமே காரணமென்றால் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சூரிய வாயுவின் அழுத்தமே காரணம் என்ற பழைய விளக்கத்தையும் எவர்ஷெட் ஏற்கவில்லை. சூரிய வாயுக்கள் பூமியை விட்டு விலகி ஓடுகின்றனவோ, பூமியே அவற்றைத் தள்ளுகிறதோ என்று கேட்டார். இந்தப் ‘பூமி விளைவு’ இன்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்து, அதுவே அதன் பெருமை. பூமிக்குத் தெரியாத சூரிய முகத்தின் ஒளியை வெள்ளிக் கோள் எதிரொளிக்கும். அந்த ஒளியை அளந்தபோது சிவப்பு நகர்வு குறைந்தே தெரிந்தது. கருத்துக்கு வலு கூடியது.

பிழையைக் காட்டியவர்கள் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தைச் சேர்ந்த செயின்ட் ஜானும் நிக்கல்சனும். வெள்ளி அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது அதன் ஒளியை வளிமண்டலம் நிறவாரியாகப் பிரிக்கிறது. அதனால் நிறமாலைக் கருவியின் பிளவில் ஒளி சீராக விழாமல், இல்லாத நகர்வு இருப்பதுபோல் தெரிகிறது. 1923 வாக்கில் எவர்ஷெட்டும், முன்பு ஐன்ஸ்டைனை மறுத்திருந்த செயின்ட் ஜானும் ஐன்ஸ்டைன் பக்கம் வந்துவிட்டனர்.

ஆனாலும் வாயு ஓட்டத்தின் மீது எவர்ஷெட் வைத்த சந்தேகம் வீணானதல்ல. சூரியனின் நடுவில் சூடான வாயு நம்மை நோக்கி மேலெழுவதால் நிறமாலை வரிகள் நீலப் பக்கம் நகர்ந்து, ஈர்ப்பு நகர்வின் ஒரு பகுதியைக் கழித்துவிடுகின்றன. விளிம்பில் அந்த ஓட்டம் பார்வைக்குக் குறுக்காக இருப்பதால் கழிவு இல்லை. ஓட்டம் உண்மை, திசைதான் அவர் நினைத்ததற்கு நேரெதிர்.

இன்னொரு மாற்றுக் கருத்து வடக்கிலிருந்து வந்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஷா முகமது சுலைமான், ஈர்ப்பு பரவ நேரம் எடுக்கும் என்று கொண்டு நியூட்டனின் விதியைத் திருத்தினாலே போதும் என்று 1934இல் வாதிட்டார். சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி, ஐன்ஸ்டைன் சொன்ன 1.75 விகலையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வளையும் என்பது அவர் கணக்கு. 1936 சூரிய கிரகணத்தில் சோவியத் வானியலாளர் மிகைலோவுக்குக் கிடைத்ததோ 2.73. அன்றைய சான்றுகளை வைத்து நீதிபதியைத் தள்ளிவிட முடியாது. 1970களில் ரேடியோ அலைகளின் வளைவை அளந்தபோதுதான் 1.75 உறுதிப்பட்டது. 1941இல் காலமான சுலைமான் அதைக் காணவில்லை.