ஒலிபெருக்கிக் கம்பமும் எஃப்.எம். பலகையும்

தச்சநல்லூர் வழியே பழைய மதுரைச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் இன்று படும் பெரிய பலகைகள் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பொறியியல் கல்லூரிக்கும் வீட்டுமனைக்கும் சொந்தமானவை. வானொலிக்கு அங்கே இடம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நெல்லையில் நிலைமை வேறாக இருந்தது. ஜங்ஷன் பக்கமும் வண்ணார்பேட்டையிலும் பேருந்துக்காக நிற்பவர் தலையை நிமிர்த்தினால், ஒரு அலைவரிசை எண்ணும் அதன் பக்கத்தில் சிரித்த முகமும் தெரியும். அந்தப் பலகைகள் ஏன் வந்தன, ஏன் போயின என்று அறிய அவற்றைத் தனியாக எடுத்துப் பார்ப்பது போதாது. அதற்கு முந்தைய தலைமுறை பொது இடத்தில் வானொலியைச் சந்தித்த விதத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறைக்கு ஊராட்சிக் கட்டடத்தின் ஒலிபெருக்கிக் கம்பம் இருந்தது. அடுத்த தலைமுறைக்குப் பலகை வந்தது.

சிற்றூர்களுக்கு வானொலிப் பெட்டி கொடுக்கும் வேலையைச் சென்னை மாகாண அரசு 1930களிலேயே தொடங்கிவிட்டது. விடுதலைக்குப் பின் அது பஞ்சாயத்து ரேடியோவாகப் பரவியது. பெட்டி உள்ளே பூட்டிய அறையில் இருக்கும். கூம்பு ஒலிபெருக்கி வெளியே கம்பத்திலோ கூரை முகட்டிலோ இருக்கும். சாவி வைத்திருப்பவர் பொழுது சாயும் நேரத்தில் வந்து திறந்து போடுவார். முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். அதைத் திருப்ப யாருக்கும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. செய்தி, வேளாண் நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டு என்று எது வந்தாலும் ஊர் முழுக்கக் கேட்கும். வயலிலிருந்து திரும்புகிறவர் மேட்டில் வரும்போதே பாதிச் செய்தியைக் கேட்டுவிடுவார்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. அதன் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நேயர்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நேரமும் குரலும்தான்: எத்தனை மணிக்கு எது வரும், எந்தக் குரல் எந்தச் செய்தியோடு வரும் என்பது போதும். இலங்கை வானொலியின் கதையும் இதுவே. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அலை இந்தத் தென்கோடியில் தெளிவாக விழுந்தது. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் நெல்லைச் சீமை வீட்டுப் பிள்ளைகளைப்போல அறிந்திருந்தது. அவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று பலருக்குக் கடைசிவரை தெரியாது. முகம் தெரியாதது அவர்கள் புகழுக்குக் குறையாகவும் இல்லை.

தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் 1960களின் பின்பாதியில் வானொலிப் பிரசாரத்தால் பரவி, உழவர் வாயில் ‘ரேடியோ நெல்’ ஆனது. விதைத்தவர்களே வானொலியின் பெயரைப் பயிருக்கு வைத்தார்கள். ஒரு நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்டவருக்குப் பயன் கிடைத்தது. அதனால் பெயர் தானாக நின்றது.

தனியார் பண்பலை வந்த சூழ்நிலை முற்றிலும் வேறு. மத்திய அரசு 2000ஆம் ஆண்டு முதல் கட்டமாக 40 நகரங்களுக்கு 108 அலைவரிசைகளை ஏலம் விட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கட்டத்திலேயே இடம்பெற்ற ஊர்களில் திருநெல்வேலியும் ஒன்று. சென்னை, கோவையோடு நெல்லையிலும் சூரியன் எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2005இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டக் கொள்கைக்குப் பிறகு தினத்தந்தி குழுமத்தின் ஹலோ எஃப்.எம். வந்தது. 93.5, 106.4 என்ற இரண்டு எண்கள் ஊர்ப் பேச்சில் கலந்தன.

இந்த இரண்டு எண்களுக்கும் பலகை ஏன் தேவைப்பட்டது? தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே விதி. அப்படியானால் மீதி இருப்பது சினிமாப் பாட்டு. இந்த நிலையத்தில் ஒலிக்கும் பாட்டு அடுத்த அரைமணியில் அந்த நிலையத்திலும் ஒலிக்கும். வேறுபடுத்திக் காட்ட மிஞ்சியவை தொகுப்பாளரின் குரலும் அவர் பேசும் நெல்லைத் தமிழும் அலைவரிசை எண்ணும். குரலை வானலையில்தான் கேட்க முடியும். எண்ணைத் தெருவில் காட்டலாம். சிக்னலில் நிற்கும் கார்க்காரர் பலகையைப் பார்த்த கையோடு குமிழைத் திருப்பலாம். டீக்கடைக்காரர் எதிரில் தெரியும் எண்ணுக்குத் தன் பெட்டியின் முள்ளை நகர்த்தலாம். பார்வைக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு விரல் அசைவுதான் தூரம். வானொலிப் பலகையின் பலமெல்லாம் அந்த விரல் அசைவில் இருந்தது.

பலகை என்றால் இரும்பு ஆங்கிள் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ், இரவுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ அடிக்கும் ஃபோகஸ் லைட். ஃபிளெக்ஸ் அச்சு வருவதற்கு முன் தகரத்தில் ஓவியர் சாரத்தில் ஏறி நின்று வரைய வேண்டும், நாள்கணக்கில் வேலை. ஃபிளெக்ஸ் அதை ஓர் இரவு வேலையாக்கியது. எஃப்.எம். நிலையங்களுக்கு இது வசதி. காலை நிகழ்ச்சிக்குப் புதுத் தொகுப்பாளர் வந்தால் படத்தை உடனே மாற்றலாம். பங்குனி, சித்திரை வெயிலில் சிவப்பு முதலில் வெளுக்கும், பிறகு முகம். இறக்கிய ஃபிளெக்ஸ் வீணாவதில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் அறுவடைக் காலத்தில் களத்து நெல்லை மூடவும், மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஒழுக்கை அடைக்கவும் அது போகும். தலைகீழாகக் கிடக்கும் பாதி முகத்தையும் 93 வரை தெரியும் எண்ணையும் வயற்காட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

பலகைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதன் இலக்கு நேயர் மட்டும் அல்ல. கடை வீதியில் விளம்பரம் கொடுக்கும் முதலாளியும்தான். அவர் காலையில் கடை திறக்க வரும் வழியில் நிலையத்தின் பலகை நின்றால், அன்று மதியம் வரும் விளம்பரப் பிரிவு ஆளுக்குப் பேச்சு எளிது. ஊரில் பெரிய ஆள் என்ற மதிப்பைப் பலகை வாங்கிக் கொடுத்தது. பஞ்சாயத்து ஒலிபெருக்கிக்கு இந்தக் கவலை கிடையாது. அது யாரிடமும் காசு கேட்கவில்லை.

பலகைகளின் சரிவுக்குச் சட்டத்தைக் காரணம் சொல்வது வழக்கம். அதில் உண்மை இருக்கிறது. உரிமம் பெறாமல் பலகை வைக்கக் கூடாது என்ற தமிழ்நாட்டு விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்த பிறகு சென்னையில் பெரும் பலகைகள் இறங்கின. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, வண்டியில் வந்த இளம்பெண் உயிரிழந்தார். 2023 ஜூன் முதல் நாள் கோவை கருமத்தம்பட்டி அருகே பலகைச் சாரம் சாய்ந்து மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் 17 பேர். இத்தனைக்குப் பிறகு கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதே கட்டுப்பாட்டுக்குள்தான் நகைக்கடைப் பலகை நிற்கிறது, கல்லூரிப் பலகை நிற்கிறது. வானொலி மட்டும் இறங்கியதற்குச் சட்டம் விடை சொல்லாது.

விடை அந்த விரல் அசைவில் இருக்கிறது. காரில் குமிழ் போய்த் தொடுதிரை வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கைப்பேசியோடு அது தானே இணைந்துகொள்கிறது. நெல்லையின் தனியார் டவுன் பஸ்களில் ஓட்டுநர் பெட்டிக்குள் பென் டிரைவ் செருகியிருக்கிறது. விலை குறைந்த பட்டன் போனில் எஃப்.எம். இருந்தது; காதுக்கருவியின் வயரே ஆன்டெனா. அதன் இடத்துக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதி இல்லை, அல்லது முடக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் சாலையோரம் 106.4 என்று இருபது அடி உயரத்தில் எழுதினாலும் பார்ப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? எதைத் திருப்புவார்? நகைக்கடைப் பலகை கடைக்கு வழி காட்டுகிறது. கடை அங்கேயே இருக்கிறது. வானொலிப் பலகை வழிகாட்டிய முள் இப்போது பெரும்பாலோர் கையில் இல்லை.

தச்சநல்லூருக்கென்று ஒரு காரணமும் உண்டு. 1994இல் நெல்லை மாநகராட்சியோடு இணைந்து, பிறகு ஒரு மண்டலத்துக்கே பெயர் கொடுத்த இந்த ஊர், முன்பு மதுரையிலிருந்து வருகிறவர்கள் நெல்லைக்குள் நுழையும் வாசல். கன்னியாகுமரி வரை போகும் வண்டியெல்லாம் இந்த வழிதான். நான்குவழிச் சாலை வந்ததும் தொலைதூர வண்டிகள் ஊருக்குள் வராமல் கே.டி.சி. நகர்ப் பக்கமாகப் போய்விட்டன. நான்குவழிச் சாலையில் போகிறவர் நெல்லை எல்லைக்குள் கொஞ்ச நேரமே இருக்கிறார். அவருக்கு உள்ளூர் அலைவரிசையை அறிமுகப்படுத்திப் பயன் இல்லை, கோவில்பட்டி தாண்டும் முன் அது கரகரக்கத் தொடங்கிவிடும்.

இங்கே கம்பமும் பலகையும் பிரியும் இடத்தைச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிக் கம்பமும்தான் மறைந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்ததால் அது மறைந்தது. பொதுவில் கேட்டதை வீட்டில் கேட்கலாம் என்ற நிலை வந்தபோது ஊர் அதை விட்டது; வானொலியை விடவில்லை. பலகையின் மறைவு அப்படிப்பட்டது அல்ல. கேட்பவர்கள் குறையக் குறையப் பலகை இறங்கியது, பலகை இறங்கியதால் நிலையம் ஊர்ப் பேச்சிலிருந்தும் விலகியது. நிலையங்கள் பலகைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு சமூக ஊடகத்துக்குப் போகிறது. தொகுப்பாளரின் குறுங்காணொளி லட்சம் பேருக்குப் போய்ச் சேரலாம். அவர்களில் எத்தனை பேர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இது வெறும் விளம்பரக் கணக்கு என்று நான் நினைக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கியபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நெல்லை ஜங்ஷன் தண்ணீரில் நின்றது. மின்சாரம் போய், பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. அப்படிப்பட்ட இரவில் பேட்டரிப் பெட்டியில் உள்ளூர்க் குரல் கேட்பது உயிர்காக்கும் விஷயம். அதே ஆண்டு ஏப்ரலில்தான், பேரிடர்க் காலத்தைக் காரணம் காட்டி, கைப்பேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காமல் வைத்திருக்கும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. எந்த எண்ணுக்கு முள்ளைத் திருப்ப வேண்டும் என்பதை வெள்ளத்துக்கு முன்பே ஊர் அறிந்திருக்க வேண்டும். பஞ்சாயத்து ரேடியோ இருந்த ஊரில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பலகைக் காலத்திலும் பத்துப் பேரில் ஆறேழு பேராவது எண்ணைச் சொல்லியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. இன்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் எண் வருவதில்லை.

நிலையங்கள் பலகையை முழுக்க விட்டுவிடவும் இல்லை. பொருட்காட்சிக்கோ புதுப் படத்துக்கோ இசை நிகழ்ச்சிக்கோ வைக்கும் பலகைகளின் அடியில் ‘வானொலிப் பங்குதாரர்’ என்று ஒரு வரி இருக்கும். நிகழ்ச்சி நடத்துபவருக்கு நிலையம் ஒலிநேரம் கொடுக்கும். அவர் தன் பலகையில் நிலையத்தின் சின்னத்துக்கு உள்ளங்கை அளவு இடம் கொடுப்பார். பணம் கைமாறாத ஏற்பாடு. அந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அலைவரிசை எண்ணும் இருக்கிறது, வண்டியில் போகிறவர் வாசிக்க முடியாத அளவில்.